இடம் பெயராத பணம்

இரவல் கொடாதவனைக் கருமி என்றும், கேட்டதைக் கொடுப்பவனைத் தாராளன் என்றும் உலகத்தார் எளிதில் பெயரிட்டுவிடுகின்றனர். திருநெல்வேலி டவுனில் கயிற்றுக் கடை வைத்திருந்த ஒருவரை இவ்விரண்டில் எதனுள்ளும் அடக்க இயலாமல் நான் பல ஆண்டுகள் பட்ட எரிச்சலை இந்த வயதிலேனும் ஒழுங்காக எழுதிவைக்க விரும்புகிறேன். அவர் பெயரைச் சொல்வது முறையன்று. ஊரார் அவரை அண்ணாச்சி என்று அழைத்தனர். எனக்கும் அவர் அண்ணாச்சியே.

கிணற்று வடம், மூக்கணாங்கயிறு, உறி, பனைநாரில் பின்னிய கட்டில் கயிறு ஆகியவற்றின் நடுவே, தாமும் ஒரு சுருள் போல அவர் அமர்ந்திருப்பார். அவரிடமிருந்து விலை கொடாமல் ஒரு பொருளை வெளியே கொண்டுபோனவர் எவரும் இலர். ஒருநாள் நான் கடையில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தார்.

"அண்ணாச்சி, கூரையில நாலு ஓடு மாத்தணும். ஏணியைத் தாங்க, பொழுது சாயுமுன்ன கொண்டாந்துருதேன்."

"ஏணி வெளிய போகாது வே."

"அடுத்த வீடுதான அண்ணாச்சி!"

"அடுத்த வீடுன்னாலும் வெளியதான. உம்ம கூரையை இங்கன கொண்டாரும், ஏணி தாரேன்."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். வேடிக்கையாகச் சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். வந்தவர் தம் கூரையை எப்படிக் கொண்டுவருவது என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இதே மனிதர்தாம், சந்தை நாளில் ஆழ்வார்குறிச்சிப் பக்கத்திலிருந்து வரும் வண்டிக்காரர்கள் தம் மாடுகளைக் கடை முன்னிருந்த பந்தலின் தூணில் கட்டிக்கொள்ள இடங்கொடுத்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, தூணைச் சுற்றி இடமிருக்குமட்டும் கட்டினார்கள். மாடுகள் இழுத்த இழுப்பில் தூண் நாளுக்கு நாள் சாய்ந்துகொண்டே வந்தது. "அண்ணாச்சி, ஒருநாள் இந்தப் பந்தல் உங்கள் தலையில்தான் விழும்" என்று நான் எச்சரித்தேன். "தூண் அங்கனதான வே நிக்கு? அவன் என்ன பிடுங்கிக்கிட்டா போயிட்டான்?" என்றார். ஒரு சந்தை நாளின் நடுப்பகலில் பந்தல் விழுந்தது. கீற்றுக்கும் கயிற்றுச் சுருளுக்கும் அடியிலிருந்து தவழ்ந்து வெளிவந்த அண்ணாச்சி, மாடு கட்டியவனை ஒரு வார்த்தையும் சொல்லாமல், தூண் நட்ட தச்சனை வாயார வைதார்.

அவருடைய நியாயம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. ஒரு பொருள் தன் இடத்தை விட்டுப் பெயர்ந்தால் அது கொடுத்தது. பெயராவிட்டால் அது கொடுத்ததே ஆகாது. அதன்மேல் எவன் சாய்ந்தாலும், எவன் எதைக் கட்டினாலும், அவர் எதையும் கொடுத்தவரல்லர். இந்த ஒரு நியாயத்தைக்கொண்டு ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் நடந்துகொள்ள முடியும் என்பதை நான் நேரில் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

அக்காலத்தில் நான் டவுனிலிருந்த ஒரு நிதியில் குமாஸ்தாவாக வேலை பார்த்தேன். நிதி என்பது, ஊரார் போட்டுவைக்கும் பணத்துக்கு வட்டி கொடுத்து, அப்பணத்தை வியாபாரிகளுக்குச் சற்றுக் கூடுதலான வட்டிக்குக் கடன் கொடுத்து நடந்துவந்த சங்கம். அண்ணாச்சியும் அவர் மனைவி ஆச்சியும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அதில் டிப்பாசிட்டாகப் போட்டிருந்தனர். அந்தப் பணத்துக்கு ஒரே ஒரு நோக்கம் உண்டு. அவர்கள் குடியிருந்தது வாடகை வீடு. கொழும்பில் வியாபாரம் செய்துவந்த அதன் சொந்தக்காரர் என்றேனும் அதை விற்பார். அன்று அதை வாங்கிவிடவேண்டும். தொகை நிரம்பாமல் இருந்தபோது ஆச்சி தன் கழுத்துச் சங்கிலியை விற்று நிரப்பினாள். நகை வீட்டை விட்டுப் போயிற்றே என்று அண்ணாச்சி சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பற்றி ஆச்சி என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது.

"சங்கிலி போனதுக்கு அழுதாவ தம்பி. ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட அடுத்தவன் முகத்தைப் பாக்க வேண்டியிருக்கே, அதுக்கு ஒருநாளும் அழல."

அண்ணாச்சிக்குத் தெரிந்தவர்களுள் ஓர் அரிசி வியாபாரி இருந்தார். வயதில் இளையவர், சுறுசுறுப்பானவர். அறுவடைக் காலத்தில் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நெல்லை மலிவாகப் பிடித்து, டவுனில் தம் கிட்டங்கியில் அடுக்கிவைத்து, விலை ஏறும்போது அரிசியாக்கி விற்பவர். அவர் எங்கள் நிதியில் கடன் கேட்டார். எங்கள் காரியதரிசி, "நெல்லை ஈடு வையுங்கள்; தருகிறோம்" என்றார். நெல்லை ஈடு வைப்பதென்றால் கிட்டங்கிக் கதவில் எங்கள் நிதியின் பூட்டுத் தொங்கும். மூட்டை எடுக்கவேண்டுமானால் அதற்குரிய பணத்தைக் கட்டிவிட்டு, எங்கள் ஆளை அழைத்துப்போய்த் திறக்கச் சொல்லி எடுக்கவேண்டும். தம் கதவில் மற்றவன் பூட்டுத் தொங்குவதைக் கடைத்தெரு பார்த்தால் தம் பெயர் போய்விடும் என்று வியாபாரி அஞ்சினார். எனவே அவர் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சியோட டிப்பாசிட்டு இங்கன இருக்குல்லா? அது என் கடனுக்குப் பொறுப்பா நிக்கட்டும்" என்றார் வியாபாரி.

"நிக்கட்டும், நிக்கட்டும்" என்றார் அண்ணாச்சி, வெயிலுக்கு ஒதுங்க வந்தவனுக்கு இடம் விடுபவர் போல.

நான் அண்ணாச்சியைத் தனியே வாசல் நடைக்கு அழைத்துப்போனேன். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன்: "அண்ணாச்சி, அவர் நெல்லை ஈடு வைத்தால் அது அவர் பொருள். கடனும் அவருடையது, பொருளும் அவருடையது. எலி தின்றாலும் விலை இறங்கினாலும் உறக்கம் கெடுவது அவருக்கு. ஆகையால் கடனைச் சீக்கிரம் தீர்ப்பார். நீங்கள் மூன்றாமவர். கடன் வாங்கவில்லை, அந்தக் கடனால் உங்களுக்கு ஓர் அரிசிமணி லாபம் கிடையாது. ஆனால் அவர் கட்டாவிட்டால் போவது உங்கள் பணம். அவர் ஒழுங்காகக் கட்டினாலும், கட்டி முடிக்கிறவரை அதை நீங்கள் எடுக்க முடியாது."

"எடுக்கப் போறேன்னு யாரு சொன்னா? அங்கனதான கிடக்கப் போகுது."

"கிடக்கும். காலில் விலங்கு போட்டுக் கிடக்கும்."

"விலங்கு போட்டா ஓடிப் போகாதுல்லா வே. நல்லதுதான?"

"அவர் நன்றாக உறங்குவார், நிதியும் நன்றாக உறங்கும். உறங்க முடியாதவர் நீங்கள் ஒருவர்தாம்."

"நான் நல்லாத்தான வே உறங்குதேன். எங்க ஆச்சிகிட்ட வேணும்னா கேட்டுப் பாரும், குறட்டை தாங்க முடியலன்னு சொல்லுதா."

உள்ளே போய்க் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட பின் காரியதரிசியின் மேசைமேல் வைத்த தம் குடையை மறவாமல் எடுத்துக்கொண்டார். வெளியே தூறல் போட்டது. வியாபாரி, "அண்ணாச்சி, குடையைத் தாங்க, கிட்டங்கிவரை போயிட்டு வந்துருதேன்" என்றார். அண்ணாச்சி குடையை மார்போடு அணைத்துக்கொண்டு, "குடை வெளிய போகாது வே" என்றார். நான் தலையில் அடித்துக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம், காரியதரிசி பார்த்துக்கொண்டிருந்ததே.

இவ்விடத்தில் எங்கள் நிதியின் குணத்தையும் சொல்லவேண்டும். நெல்லாகவோ வீடாகவோ ஈடு வந்தால் அதைக் காக்கவேண்டும். பூச்சி பிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடன் நின்றுபோனால் நோட்டீசு கொடுத்து, தமுக்கடித்து, ஏலம் கூறி, வந்தவன் கேட்ட விலைக்கு விற்கவேண்டும். டிப்பாசிட்டு அப்படியன்று. பணம் எங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு வரி எழுதினால் கணக்குத் தீர்ந்தது. ஆகவே டைரக்டர்களுக்கு மூன்றாமவர் டிப்பாசிட்டு என்றால் அளவற்ற பிரியம். அத்தகைய கடனுக்கு வட்டியும் குறைத்தே போட்டார்கள். அந்த வட்டிக் குறைவால் லாபமடைந்தவர் வியாபாரி. கவலை குறைந்தது நிதிக்கு. இந்த இரண்டையும் தம் செலவில் வாங்கிக்கொடுத்தவர் அண்ணாச்சி. அவரோ தாம் எதையும் கொடுக்கவில்லை என்றே சாதித்தார்.

வியாபாரியைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை. தவணை தவறியதில்லை. வட்டியை முன்னதாகவே கொண்டுவந்து கட்டுவார். அசலில் ஒரு பங்கைக் கட்டி, அறுவடை வந்ததும் அதே அளவு மீண்டும் வாங்குவார். ஆக, கடன் ஒழுங்காகவும் இருந்தது. ஒருநாளும் தீரவும் இல்லை. குறைந்த வட்டிக்குக் கிடைக்கும் பணத்தை எந்த வியாபாரி தீர்ப்பான்? ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அண்ணாச்சி வந்து கையெழுத்திட்டார், ஒவ்வொரு முறையும் நான் நடையில் நிறுத்திச் சொன்னேன், ஒவ்வொரு முறையும் அவர் என் தோளைத் தட்டி, "நீரு ரொம்ப யோசிக்கீரு வே. அதான் உடம்பு பிடிக்கல" என்று என் மெலிவைப் பற்றி வருந்திவிட்டுப் போனார்.

இவ்வாறிருக்கையில் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்தார். அங்கேயே நிலையாகத் தங்கிவிடப் போவதாகவும், வீட்டை விற்பதாகவும், நெடுநாள் குடியிருந்தவர்கள் என்ற மரியாதையால் முதலில் அண்ணாச்சியிடம் கேட்பதாகவும் கூறினார். கேட்ட விலை நியாயமானது. கப்பலேறுமுன் பத்திரம் முடியவேண்டும், இல்லையேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

மறுநாள் அண்ணாச்சி டிப்பாசிட்டு ரசீதை எடுத்துக்கொண்டு நிதிக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஆச்சி. பெண்கள் எங்கள் நிதிக்குள் வருவது அரிது. அவள் வாசற்படியருகே நின்றுகொண்டாள். காரியதரிசி ரசீதைப் பார்த்துவிட்டு, "இது கடனுக்குக் கட்டுப்பட்டது. கடன் தீர்ந்தால் மறுகணமே தருகிறோம்" என்றார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "என்ன வே சொல்லுதாரு? பணம் உள்ளதான இருக்கு?" என்றார்.

"இருக்கிறது அண்ணாச்சி."

"என் பேருலதான?"

"உங்கள் பேரில்தான்."

"பின்ன எடுத்துத் தாரும்."

ஆண்டாண்டாக நான் அவருக்குச் சொன்ன அனைத்தையும் காரியதரிசி முன்னிலையில் மீண்டும் சொன்னேன். என் குரல் சற்று உயர்ந்துவிட்டது. வாசற்படியிலிருந்து ஆச்சி கேட்டாள்: "தம்பி, இதுக்கு வழியே கிடையாதா?"

வழி இருந்தது, மிக எளிய வழி. வியாபாரி தம் நெல்லை ஈடாக மாற்றிவைக்கவேண்டும். கிட்டங்கியில் எங்கள் பூட்டுத் தொங்கினால் டிப்பாசிட்டு அன்றே விடுதலையாகிவிடும். அதற்குப் போதுமான நெல் அப்போது அவரிடம் இருந்தது. காரியதரிசியும் அதற்கு இசைந்தார். அண்ணாச்சி போய் ஒரு வார்த்தை கேட்கவேண்டும், அவ்வளவே.

"அதை நான் எப்படி வே கேக்க?" என்றார் அண்ணாச்சி.

"ஏன் கேட்கக் கூடாது?"

"அவன் கிட்டங்கியில போயி அடுத்தவன் பூட்டைத் தொங்கவிடச் சொல்லுததா? நாலு பேரு பாக்க மாட்டானா? அவன் பொருளு அவனுக்கு இல்லாம ஆயிருமே!"

"உங்கள் பொருள் உங்களுக்கு இல்லாமல் போய் எத்தனை காலம் ஆயிற்று?"

"என் பணத்துல எங்க வே பூட்டு தொங்குது? காட்டும் பாப்போம்."

நான் விடவில்லை. அன்று மாலையே கடைத்தெருவில் வியாபாரியைப் பிடித்து நானாகவே பேசினேன். அவர் கோபிக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

"அண்ணாச்சி வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், நாளைக்கே பூட்டைத் தொங்கவிடுதேன். நீரு வந்து கேட்டா எப்படி வே? டிப்பாசிட்டு உம்முடையதா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவே என்னை மேலும் எரியச் செய்தது. இரவலாகப் போன குடையைத் திரும்பக் கேட்க ஒருவன் கூசுவதில்லை. பெயராமல் கிடப்பதைத் திரும்பக் கேட்க மட்டும் அண்ணாச்சிக்கு வாய் வரவில்லை. கொடுக்காத ஒன்றை எப்படித் திரும்பக் கேட்பது? ஆச்சி அழுதும் பார்த்தாள். பேசாமல் இருந்தும் பார்த்தாள். "நான் போயி கேக்கேன்" என்று ஒருநாள் புறப்பட்டவளை, "பொம்பளை போயி நின்னா அவன் மானம் போயிரும்" என்று தடுத்துவிட்டார். எவன் மானத்தைக் காக்கவேண்டும் என்பதில் அவருக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை.

வீட்டுக்காரர் கப்பலேறும் நாள் நெருங்கியது. வீட்டை அரிசி வியாபாரி வாங்கினார்.

செய்தி கேட்டதும் நான் கயிற்றுக் கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி முகமலர்ச்சியோடு இருந்தார்.

"பாத்தீரா வே! நம்மாளே வாங்கிட்டான். 'நீங்க வெளிய போகக்கூடாதுன்னுதான் அண்ணாச்சி வாங்கினேன்'னு வந்து சொல்லுதான். வாடகையும் அதேதான். ஒரு சட்டி பானைகூட நகரல."

"அண்ணாச்சி, வீடு வாங்க அவரிடம் ரொக்கம் இருந்ததல்லவா? அந்த ரொக்கத்தைக் கடனில் கட்டியிருந்தால் உங்கள் பணம் வெளியே வந்திருக்கும். வீட்டை நீங்களே வாங்கியிருப்பீர்கள்."

அண்ணாச்சி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அவன் கையில உள்ள காசை நாம எப்படி வே கணக்குப் பாக்க?" என்றார்.

வியாபாரி செய்தது உதவியா, தந்திரமா என்று இன்றும் என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. அவர் அன்போடுதான் செய்தார் என்றே எண்ணுகிறேன். அந்த அன்புக்குச் செலவானது ஆச்சியின் சங்கிலி.

அடுத்த பருவத்தில் வியாபாரி அரிசி ஆலை வைக்க எண்ணினார். இயந்திரம் வாங்கப் பெருங்கடன் வேண்டும். இம்முறை, புதிதாக வாங்கிய அந்த வீட்டையே தம் சொந்த ஈடாகக் கொடுத்தார். பழைய கடனைப் புதுக் கடனில் சேர்த்து முடிப்பதால் அண்ணாச்சியின் டிப்பாசிட்டு விடுதலையாகவிருந்தது. வீடு போனபின் பணம் வரவிருந்தது. ஈடாக வரும் வீட்டைப் பார்த்து மதிப்பு எழுதிவரும்படி காரியதரிசி என்னை அனுப்பினார். நிதியின் மைக்கூட்டையும் பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி தம் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவனை வரவேற்பதுபோல் வரவேற்றார். அளவுக்கயிற்றின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். அறை அறையாக அழைத்துப்போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"உத்தரம் தேக்கு வே, எழுதும். கிணறு கோடையிலயும் வத்தாது, அதையும் எழுதும். என்ன வே, வேப்ப மரத்தை விட்டுட்டீரே?"

"அண்ணாச்சி, மதிப்பு ஏறினால் உங்களுக்கு என்ன வரும்?"

"அவனுக்குக் கடன் கூடக் கிடைக்கும்லா?"

இந்தக் கடன் முடிந்ததும் உங்கள் டிப்பாசிட்டு விடுபட்டுவிடும், பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். "எடுத்து என்ன செய்ய? அங்கனயே கிடக்கட்டும்" என்றார். அடுப்படி வாசலில் நின்ற ஆச்சி இதைக் கேட்டாள்.

எழுதி முடித்ததும் குடியிருப்பவரின் ஒப்புதலை வாங்கவேண்டும், அது விதி. வாசித்துக் காட்டினேன்: "மேற்படி வீட்டில் நான் வாடகைக்குக் குடியிருப்பவனேயன்றி, எனக்கோ என் குடும்பத்தாருக்கோ இதில் யாதொரு பாத்தியதையும் இல்லை."

"சரியாத்தான எழுதியிருக்கீரு. எங்கன கையெழுத்துப் போடணும்?" என்று அண்ணாச்சி பேனாவுக்குக் கை நீட்டினார்.

ஆச்சி வந்தாள். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தரையிலிருந்த மைக்கூட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணாச்சி பதறிப்போனார். "ஏ! அது நிதியோட மைக்கூடு! அடுத்தவங்க சாமானை எடுத்துட்டுப் போறியே, கொடுத்துரு!" என்று கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. "இருக்கட்டும் அண்ணாச்சி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்தில்லாத தாளை மடித்துக்கொண்டு நான் வெளியேறினேன். தெருவில் நடக்கும்போது, எத்தனையோ காலத்துக்குப் பிறகு, அந்த வீட்டில் ஒருவர் செய்த காரியம் எனக்கு முழுமையாக விளங்கியது.

மறுநாள் காலையில் நிதியின் கதவைத் திறக்குமுன்பே அண்ணாச்சி வாசலில் காத்திருந்தார். எவரும் அழைக்காமல், தாமாகவே நடந்து வந்திருந்தார். மைக்கூட்டைத் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "சரியா இருக்கான்னு பாத்துக்கிடும் வே" என்றார். பார்த்தேன். உள்ளும் புறமும் ஆச்சி துலக்கிக் கழுவியிருந்தாள். ஒரு துளி மை இல்லை. நான் வேறு கூடு தேடி எடுக்குமுன் அவர் காரியதரிசியின் மேசையில் இருந்த மையைத் தொட்டு, நான் எடுத்துவைத்திருந்த அந்தத் தாளில் கையெழுத்திட்டுவிட்டார்.